பலகையில் இன்று என்ன? ஒயின் பாரில் முதல்முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு

நாங்கள் உட்கார்ந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பரிமாறுகிற பெண் ஈரத்துணியோடு வந்து, சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையின் மூன்றாவது வரியைத் துடைத்தார். வெள்ளரி போல இருக்கும் சுக்கினிக் காயின் பூவுக்குள் ரிக்கோட்டா சீஸ் வைத்துப் பொரித்தது. நான் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தது அதைத்தான். "இருபது பூதான் வந்தது, தீர்ந்துவிட்டது" என்றார். துடைத்த ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் வேறொன்றை எழுதினார்: சுக்கினிக் காயை மெல்லிசாகச் சீவி, எலுமிச்சையும் புதினாவும் சேர்த்த சாலட். பூ தீர்ந்தாலும் காய் இருந்தது. அந்தக் கொடியிலிருந்து அன்றைக்கு என்ன பறித்தார்களோ அதுதான் அன்றைய சமையல்.

பக்கத்து ஊர்களில் அந்தப் பருவத்தில் விளைவதை வாங்கிச் சமைத்து, அதோடு நல்ல ஒயினும் தருகிற இடங்களுக்கு முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். உட்கார்ந்ததும் ஒயின் பட்டியலைத் திறந்து, புரியாத பெயர்களோடு மல்லுக்கட்டி, ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு அதற்குப் பொருந்துகிறதோ இல்லையோ நான்கு தட்டு வரவழைக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான். முதலில் "இன்றைக்கு என்ன வந்திருக்கிறது?" என்று கேளுங்கள். தட்டு முடிவானால் கிளாஸ் தானாக முடிவாகும்.

இது எந்த மாதிரி இடம்

குடிக்கிற இடம், கொறிக்க ஏதாவது கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் உண்டு. உணவகம் என்று நினைத்து, சூப்பில் தொடங்கி இனிப்பில் முடிகிற முழுச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் கொஞ்சம் தடுமாறும்.

வெனிஸ் நகரத்து 'பாக்கரோ'க்களை நினைத்துப் பார்த்தால் இதன் வடிவம் பிடிபடும். அங்கே சின்ன கிளாஸில் ஊற்றித் தருகிற ஒயினுக்கு 'ஓம்ப்ரா' என்று பெயர். நிழல் என்று பொருள். கூடவே ஒரு வாய், இரண்டு வாய் அளவில் 'சிக்கெட்டி': ரொட்டித் துண்டின் மேல் அரைத்த மீனோ, ஊறவைத்த காயோ இருக்கும். நின்றபடியே ஒன்றைச் சாப்பிட்டு, ஒரு கிளாஸ் குடித்துவிட்டு நடையைக் கட்டலாம். இன்றைய ஒயின் பாரின் சின்னத் தட்டுகளுக்கு இதுபோன்ற பழக்கங்கள்தான் முன்னோடி. அதோடு வந்து சேர்ந்தது பருவத்தை மதிக்கும் சமையல். 1971-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் 'ஷே பனிஸ்' உணவகத்தைத் தொடங்கி, சுற்றுவட்டாரப் பண்ணைகளில் விளைவதை வைத்தே தினமும் மெனு எழுதும் வழக்கத்தைப் பரவலாக்கினார். துரித உணவுக்கு மாற்றாக 1986-இல் இத்தாலியில் கார்லோ பெத்ரீனி தொடங்கிய இயக்கம் பின்னாளில் 'ஸ்லோ ஃபுட்' என்று உலகமெங்கும் பரவியது. இந்த எண்ணமும் அந்தச் சின்னத் தட்டும் சேர்ந்த இடத்துக்குத்தான் நீங்கள் போகப்போகிறீர்கள்.

அடுப்படி பெரும்பாலும் சிறியது. இரண்டு பேர் சமைப்பார்கள். அதனால் எது தயாராகிறதோ அது முதலில் வரும். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வைக்க மாட்டார்கள். பகிர்ந்து சாப்பிட வேண்டும் என்ற கணக்கில்தான் எல்லாமே.

போவதற்கு முன்

டேபிள் சொல்லி வைத்துவிடுங்கள், அதுவும் கடை திறக்கிற நேரத்தை ஒட்டி. பலகையில் எல்லா வரியும் அழியாமல் இருப்பது அப்போதுதான். பரிமாறுகிறவருக்கு உங்களோடு நின்று பேச நேரம் இருப்பதும் அப்போதுதான். கூட்டம் பிதுங்குகிற நேரத்தில் போனால் நல்ல பதில் கிடைப்பது கடினம். அது அவர் குற்றம் இல்லை. முடிந்தால் எந்தெந்த நாளில் காய்கறியும் மீனும் வருகின்றன என்று போனிலேயே விசாரித்து, அந்த நாளில் போங்கள்.

எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதையும் அந்த போனிலேயே சொல்லிவிடுவது நல்லது. சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இறைச்சி இல்லாதது' என்று மட்டும் சொன்னால் போதாது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். அது அந்த சீஸின் விதி. காய்கறித் தட்டின் மேல் ஊற்றும் சாஸில் ஆன்ச்சோவி மீன் கரைந்திருக்கலாம். பீன்ஸை எலும்புச் சாற்றில் வேகவைத்திருக்கலாம். ஒயினிலும் இது உண்டு. கலங்கலைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கரு, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். களிமண் வகையான பென்டோனைட்டைப் பயன்படுத்துகிறவர்களும், தெளிய வைக்காமலே விடுகிறவர்களும் உண்டு. கேட்டால் சொல்வார்கள், அன்றன்று சமைக்கிற அடுப்படியில் மாற்றிச் செய்து தருவதும் எளிது. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் கேட்க வேண்டும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். வீடு திரும்ப வண்டி ஓட்டப்போகிறவர் யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள்; அவர் குடிக்கக் கூடாது, 'ஒரே ஒரு கிளாஸ்' என்ற பேச்சே வேண்டாம். 12.5 சதவீத ஒயின் 125 மி.லி. குடித்தால் ஏறத்தாழ 12 கிராம் ஆல்கஹால் உடம்புக்குள் போகிறது. கர்ப்பிணிகளும், மருந்து சாப்பிடுகிறவர்களும், சட்டம் சொல்லும் வயதை எட்டாதவர்களும் ஒயின் பக்கம் போகக் கூடாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொருவரும் முடிவெடுக்க வேண்டும். குடிக்காதவர்களுக்கும் இந்த இடம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு சென்ட் அடித்துக்கொள்ளாதீர்கள். ஒயினில் பாதி சுவை மூக்குக்குத்தான். உங்கள் மூக்குக்கு மட்டுமல்ல, பக்கத்து டேபிள்காரர் மூக்குக்கும்.

எங்கே உட்காருவது

கவுன்டரில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் அங்கே உட்காருங்கள். பாட்டில்கள் கண்முன்னே இருக்கும், தட்டுகள் போவதைப் பார்க்கலாம், "அது என்னது?" என்று கை நீட்டிக் கேட்கலாம். நான்கு பேருக்கு மேல் என்றால் டேபிள்தான் வசதி.

பலகையைப் படிப்பது

இந்த இடங்களில் உணவின் பெயரை எழுதுகிற விதமே தனி. "பீட்ரூட், ஆட்டுப்பால் சீஸ், வால்நட்" என்று மூன்று பெயரை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். வறுத்ததா, வேகவைத்ததா, பச்சையா, சூடா, குளிர்ந்ததா, எதுவும் இருக்காது. இது பேச்சைத் தொடங்க விட்ட இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பீட்ரூட்டை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், தோலோடு உப்பில் புதைத்துச் சுட்டது என்பது போல ஒரு பதில் வரும். உப்பில் சுட்ட பீட்ரூட்டில் மண்வாசனையும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். அந்த ஒரு பதிலிலேயே உங்கள் கிளாஸில் என்ன இருக்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

எந்தப் பருவத்தில் எது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் பலகை இன்னும் தெளிவாகும். குளிர்நாடுகளில் வசந்தத்தில் அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய், பச்சைப் பட்டாணி, இளம் ஆட்டிறைச்சி. கோடையின் பின்பாதியில் தக்காளி, கத்தரிக்காய், பீச். இலையுதிர் காலத்தில் காளான், பூசணி, அத்தி, காட்டுப் பறவைகள். பனிக்காலத்தில் கிழங்கு, முட்டைக்கோஸ், கசப்புக் கீரைகள். கடல் உணவுக்கும் பருவம் உண்டு.

ஒரு காலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்காலம் முடிந்தும் புது விளைச்சல் வராத சில வாரங்கள் உண்டு. சேமித்த கிழங்கு தீர்ந்திருக்கும், தோட்டத்தில் முளை மட்டும் எட்டிப்பார்க்கும். அந்த வாரங்களில் போனால் பலகையில் ஊறுகாய் போட்ட வெங்காயம், உப்பில் புளிக்க வைத்த முட்டைக்கோஸ், போன கோடையில் எண்ணெயில் போட்டு வைத்த தக்காளி, பதப்படுத்திய இறைச்சி என்றுதான் இருக்கும். 'புதிதாக எதுவுமே இல்லையே' என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நேர்மையான அடுப்படிக்கு அதுதான் அடையாளம். தூரதேசத்துக் காயை விமானத்தில் வரவழைக்காமல், ஆறு மாதத்துக்கு முன்பே யோசித்து ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு வருடத்தின் எந்த நாளில் போனாலும் தக்காளியும் ஸ்ட்ராபெர்ரியும் இருக்கிற பலகையில் 'பருவகாலம்' என்று எழுதியிருந்தால் நான் அதை நம்புவதில்லை.

எவ்வளவு சொல்வது? இரண்டு பேருக்கு நான்கு அல்லது ஐந்து சின்னத் தட்டு பொதுவாகப் போதும். ஆனால் ஐந்தையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். முதலில் கொறிக்க ஒன்றும் குளிர்ந்த தட்டு ஒன்றும் சொல்லுங்கள். அவை வந்து பசியின் அளவு தெரிந்த பிறகு அடுத்த இரண்டு. லேசானதிலிருந்து கனமானதை நோக்கி, பச்சையானதிலிருந்து நன்றாக வெந்ததை நோக்கிப் போனால் ஒயினும் அதே வழியில் பின்தொடரும். தீர்ந்துவிடும் என்று பயம் இருக்கிற தட்டு மட்டும் விதிவிலக்கு. "இதில் ஒன்று எங்களுக்கு எடுத்து வையுங்கள், கடைசியில் வரட்டும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சுக்கினிப் பூவில் நான் கற்றுக்கொண்டது இது.

கிளாஸில் என்ன

பாட்டில் வாங்குவதை முதல்முறை தள்ளிப்போடுங்கள். கிளாஸ் கணக்கில் ஊற்றும் ஒயின்கள் ஆறோ எட்டோ இருக்கும். அந்தப் பருவத்துச் சமையலோடு போகும் என்று பார்த்துத்தான் அவற்றைத் திறந்து வைத்திருப்பார்கள். கிளாஸ் என்றால் இடத்துக்கு இடம் 125, 150, 175 மி.லி. என்று மாறும். 750 மி.லி. பாட்டிலில் 125 வீதம் ஆறு கிளாஸ் வரும். 75 மி.லி. போலச் சின்ன அளவிலும் ஊற்றுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஊற்றுவார்கள் என்றால் தட்டுக்கு ஒன்றாக மூன்று நான்கு ஒயினைப் போதை ஏறாமல் ருசி பார்க்கலாம்.

ஒயினைப் பற்றிப் பேச அந்நிய வார்த்தைகளைப் படித்துக்கொண்டு போக வேண்டும் என்று பலருக்குத் தயக்கம். நமக்கு அந்தத் தயக்கமே தேவையில்லை. அறுசுவை என்று ஆறையும் பெயர் சொல்லிப் பிரித்து வைத்த மொழி நம்முடையது. 'டானின்' என்று ஒயின்காரர்கள் சொல்வது துவர்ப்பு. பால் சேர்க்காத கடுந்தேநீர் நாக்கையும் ஈறையும் இழுத்துப் பிடிக்குமே, அது. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து வருவது. 'ஆசிட்' என்பது புளிப்பு. குடித்ததும் வாயோரத்தில் எச்சில் ஊறினால் புளிப்பு அதிகம் என்று பொருள். 'டிரை' என்றால் இனிப்பு மிஞ்சாமல் புளித்து முடிந்தது. 'பாடி' என்பது கனம். வாயில் தண்ணீர் போல ஓடுகிறதா, பால் போலத் தங்குகிறதா என்பது. புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு, கனம். இந்த நான்கையும் உங்கள் சொற்களில் சொன்னால் எந்த சொமெலியேவுக்கும் போதும். (சொமெலியே என்றால் ஒயினுக்கென்றே இருக்கும் பணியாளர். எல்லா இடத்திலும் இருக்க மாட்டார். சின்ன இடங்களில் பரிமாறுகிறவருக்கே எல்லாம் தெரிந்திருக்கும்.)

பேச்சு இப்படி இருந்தால் போதும்.

"பீட்ரூட்டும் காளானும் சொல்லியிருக்கிறோம். எனக்குத் துவர்ப்பு அதிகம் பிடிக்காது. புளிப்பு இருந்தால் பரவாயில்லை, இனிப்பு வேண்டாம். என்ன தருவீர்கள்?"

"சிவப்பு ஆகுமா?"

"ஆகும், ஆனால் லேசாக இருக்க வேண்டும்."

"ஒரு பீனோ நுவார் திறந்து வைத்திருக்கிறேன். ஒரு வாய் ஊற்றுகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்."

திறந்திருக்கும் பாட்டிலிலிருந்து ருசி பார்க்க ஒரு வாய் தருவது பல ஒயின் பார்களில் இயல்பு. விலையைச் சொல்ல வெட்கமாக இருந்தால், பட்டியலில் உங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையின் மேல் விரல் வைத்து "இந்த மாதிரி ஒன்று" என்று சொல்லுங்கள். அவருக்குப் புரிந்துவிடும், கூட வந்தவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

பட்டியல் ஏன் குழப்புகிறது என்றால், ஐரோப்பாவில் பல ஒயின்களுக்குத் திராட்சையின் பெயரை விட்டுவிட்டு ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஷாப்லி என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது ஷார்டொனே. வெள்ளை சான்செர் என்றால் சோவின்யோன் பிளாங். பர்கண்டியின் சிவப்பு பெரும்பாலும் பீனோ நுவார். போஜொலே சிவப்பு, கமே. பரோலோ என்றால் நெபியோலோ. கியான்டியில் முக்கியமானது சாஞ்சொவேசே. ரியோஹா சிவப்பில் டெம்ப்ரனியோ. இந்த ஏழு போதும், பாதிப் பட்டியல் திறந்துகொள்ளும்.

முதல் வாய்

பாட்டில் வாங்கினால் லேபிளைக் காட்டுவார்கள். பெயரும் ஆண்டும் நீங்கள் சொன்னதுதானா என்று பாருங்கள். பிறகு திறந்து, கொஞ்சம் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். எல்லாரும் உங்களையே பார்க்கிற அந்த நொடிதான் புதியவர்களுக்குப் பெரிய சங்கடம். பிடித்திருக்கிறதா என்று அங்கே கேட்கவில்லை. கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

கிளாஸின் தண்டைப் பிடித்து, மேசைமேல் வைத்தபடியே வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூக்கை உள்ளே விடுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக் கிடந்த அறை, ஈரத்துணி போல வாடை வந்தால் கார்க் கெட்டது. டி.சி.ஏ. என்ற சேர்மம் கார்க்கில் உண்டாகி ஒயினுக்குள் இறங்குகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழ வாசனையைக் கொன்றுவிடும். உடம்புக்குத் தீங்கில்லை, ஆனால் காற்றுப் பட்டால் வாடை இன்னும் மோசமாகும். வினிகர் நெடி அடித்தாலும் திருப்பிக் கொடுக்கலாம். தீக்குச்சி உரசிய வாசனை மட்டும் வந்தால் அவசரப்படாதீர்கள். கிளாஸைச் சுற்றிச் சுற்றி வைத்தால் சில நிமிடத்தில் போய்விடும். வெள்ளை ஒயினின் அடியில் கண்ணாடித் தூள் போல மின்னுவது டார்டாரிக் உப்பு, பயமில்லை.

ஒருமுறை இந்த அட்டைப்பெட்டி வாடையோடு வந்த ஒயினை, இப்படித்தான் இருக்கும் போல என்று நம்பி, நானும் நண்பரும் முழுப் பாட்டிலையும் குடித்து முடித்தோம். பரிமாறியவரும் முகர்ந்து பார்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காசு போனதைவிட, அந்தத் திராட்சையே எனக்கு ஆகாது என்று அதன்பின் ஐந்து வருடம் அதைத் தொடாமல் இருந்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் வருத்தம். சந்தேகமாக இருந்தால் "நீங்கள் கொஞ்சம் முகர்ந்து பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் இதற்கு யாரும் முகம் மாற மாட்டார்கள். கிளாஸ் கணக்கில் வாங்கியதற்கும் இது பொருந்தும். அதில் இன்னொன்றும் கேட்கலாம்: "இதை எப்போது திறந்தீர்கள்?" மூன்று நாளுக்கு முன்பு என்றால் வேறொன்றைக் கேளுங்கள்.

தட்டும் கிளாஸும்

வெள்ளை ஒயினுக்கு மீன், சிவப்புக்கு இறைச்சி என்ற விதியை மறந்துவிடலாம். காய்கறி நிறைந்திருக்கிற பருவகாலப் பலகையில் அது பாதி நேரம் உதவாது. சுவையோடு சுவையைப் பாருங்கள்.

புளிப்புக்குப் புளிப்பு. எலுமிச்சை பிழிந்த சாலடோ, தக்காளியோ, ஊறுகாயோ முன்னால் இருந்தால், ஒயினிலும் அதே அளவு புளிப்பு வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். தக்காளியோடு சாஞ்சொவேசேயும் பார்பேரா என்ற இத்தாலியச் சிவப்பும் ஒத்துப்போவது அவற்றின் புளிப்பால்தான்.

துவர்ப்புக்குக் கொழுப்பும் புரதமும். டானின் நம் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. கொழுத்த இறைச்சியும் முற்றிய சீஸும் வாயில் இருந்தால் அந்த வறட்சி அடங்கும். அதே துவர்ப்பான சிவப்பு, எண்ணெய் மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடையடிக்கும்.

இனிப்புத் தட்டைவிட ஒயின் இனிப்பாக இருக்க வேண்டும். காரம் இருந்தால் ஆல்கஹால் அதிகமுள்ள ஒயின் எரிச்சலைக் கூட்டும். 8, 9 சதவீதம் மட்டுமே உள்ள, லேசாக இனிக்கும் ரீஸ்லிங் (ஜெர்மனியின் மோசல் பகுதி வெள்ளை ஒயின்) போன்றது அதைத் தணிக்கும். ஆர்ட்டிச்சோக் என்ற முள்செடி மொட்டு ஒரு தனிக் கேஸ். அதிலுள்ள சினாரின் என்ற பொருள், அடுத்து வாயில் வைக்கும் எதையும் இனிக்கச் செய்யும். அதனால் நல்ல ஒயினை அந்தத் தட்டோடு வீணாக்காதீர்கள். அஸ்பாரகஸோடு க்ரூனர் வெல்ட்லீனர் என்ற ஆஸ்திரிய வெள்ளை ஒயினோ சோவின்யோன் பிளாங்கோ கேட்டுப் பாருங்கள், இரண்டிலும் இலைவாசனை உண்டு. காளானுக்கு பீனோ நுவாரோ நெபியோலோவோ. மண்வாசனையும் மண்வாசனையும் சேரும்.

உப்பு செய்கிற வேலையை டேபிளிலேயே சோதித்துப் பார்க்கலாம். நான் புதியவர்களைக் கூட்டிப்போனால் தவறாமல் செய்ய வைப்பது இதுதான். துவர்ப்பான சிவப்பு ஒயின் ஒரு வாய் குடியுங்கள், ஈறு இழுக்கும். இப்போது ஓர் எலுமிச்சைத் துண்டில் நான்கு உப்புக்கல் வைத்து நாக்கில் தொட்டுச் சுவையுங்கள். உடனே அதே ஒயினை இன்னொரு வாய். முதல் வாயில் முரட்டுத்தனமாக இருந்தது இப்போது மிருதுவாக, பழச்சுவை முன்னால் வந்து நிற்கும். பாட்டில் மாறவில்லை, வாய்தான் மாறியது. ஒரு தட்டு வந்ததும் "இந்த ஒயின் சரியில்லை" என்று தோன்றினால், கொஞ்சம் உப்போ எலுமிச்சையோ கேட்டு வாங்கிச் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதுவும் தெரியாவிட்டால், ஒரே மண்ணில் விளைந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பிரான்ஸின் லுவார் பகுதியில் சாவின்யோல் என்று ஒரு சிற்றூர். அங்கே செய்யும் ஆட்டுப்பால் சீஸ் 'குரொத்தான் த சாவின்யோல்'. அந்த ஊரே சான்செர் ஒயின் விளைகிற எல்லைக்குள்தான் இருக்கிறது. சீஸின் சுண்ணாம்பு போன்ற புளிப்பும் ஒயினின் கூரான புளிப்பும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ளும். உள்ளூர் விளைச்சலைச் சமைக்கிற இடத்தில், பக்கத்தில் விளைகிற ஒயின் இருக்கிறதா என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

கலங்கலாக ஒன்று வந்தால்

இந்த வகை இடங்களில் 'நேச்சுரல் ஒயின்' நிறையக் கிடைக்கும். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்க்காமல், வடிகட்டாமல், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ செய்வது. கலங்கல் தப்பில்லை, மெல்லிய நுரை இருந்தாலும் தப்பில்லை. ஆனால் விழுங்கிய சில நொடி கழித்து எலிக்கூண்டு போன்ற வாடை தொண்டையில் நின்றால் அது பழுதுதான். 'நேச்சுரல் என்றால் அப்படித்தான்' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

'ஆரஞ்சு ஒயின்' என்பதில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. வெள்ளைத் திராட்சையைத் தோலோடு ஊறவிட்டுச் செய்வதால் வருகிற நிறம் அது. ஜார்ஜியாவில் 'க்வெவ்ரி' என்ற பெரிய மண்தாழிகளைத் தரையில் புதைத்து அதில் இப்படிச் செய்கிறார்கள். அந்த முறையை யுனெஸ்கோ 2013-இல் மரபுச் செல்வமாக அங்கீகரித்தது. தோல் ஊறியதால் துவர்ப்பு இருக்கும், வெள்ளையின் புளிப்பும் இருக்கும். சுட்ட காய்கறி, கசப்புக் கீரை, புளிக்க வைத்தவை என்று பலகை முழுக்கக் கலவையாக இருக்கும்போது ஒரே ஒயினில் சமாளிக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

நிதானம், பில்

ஒயினுக்கு இணையாகத் தண்ணீர் குடியுங்கள். ரொட்டியைத் தொடக்கத்திலேயே தின்று தீர்க்காமல், தட்டின் அடியில் மிஞ்சுகிற சாஸை வழித்துச் சாப்பிட வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், அடுப்படிக்கு அது மகிழ்ச்சிதான். வெள்ளை ஒயின் மிகவும் சில்லென்று வந்து வாசனையே இல்லாமல் இருந்தால், கிளாஸின் வயிற்றை உள்ளங்கையில் ஐந்து நிமிடம் ஏந்திப் பிடியுங்கள். லேசான சிவப்பு, மாறாக, 13 டிகிரி செல்சியஸ் வாக்கில் குளிர்ந்திருந்தால்தான் எடுக்கும். வெதுவெதுப்பாக வந்தால் சிறிது நேரம் ஐஸ் வாளியில் வைக்கச் சொல்லலாம்.

குடிக்காதவர்களுக்கு என்று சொன்னேன். "தட்டோடு சேர்த்துக் குடிக்க ஆல்கஹால் இல்லாமல் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். பழுக்காத திராட்சையின் புளிப்புச் சாறு, கொம்புச்சா (புளிக்க வைத்த தேநீர்), குளிர ஊறவைத்த தேநீர், பழ வினிகர் கலந்த சோடா என்று பல அடுப்படிகள் தாங்களே செய்கின்றன. கொம்புச்சாவில் மட்டும் புளித்ததால் சிறிதளவு ஆல்கஹால் இருக்கலாம். அறவே கூடாது என்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். புளிப்பு, துவர்ப்பு கணக்கெல்லாம் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். தேநீரின் துவர்ப்பு முற்றிய சீஸோடு சிவப்பு ஒயின் செய்கிற வேலையையே செய்யும்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் மூடித் தரச் சொல்லுங்கள். சட்டம் இடம் கொடுக்கிற ஊர்களில் தருவார்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். பிடித்த ஒயினின் லேபிளை, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும், போனில் படம் எடுங்கள். எந்தத் தட்டோடு குடித்தீர்கள் என்று இரண்டு சொல் சேர்த்துக் குறித்து வைத்தால் அடுத்த முறை அதைக் காட்டியே பேச்சைத் தொடங்கலாம்.

கிளம்பும்போது இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது: "அடுத்து என்ன வரப்போகிறது?" இரண்டு வாரத்தில் காளான் வந்துவிடும் என்று பதில் வந்தால், அங்கேயே நின்று டேபிள் சொல்லிவிடுங்கள். கவுன்டரில், கடை திறக்கிற நேரத்துக்கு.